அயர்லாந்து பப்பில் ஓர் ஆரஞ்சு

டப்ளினுக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு என்னை அனுப்புகிறார்கள் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க சோறு கிடைக்குமா?" இரண்டாவது கேள்வி, "அந்த ஊர்ல எல்லாரும் குடிப்பாங்களாமே?"

சோறு கிடைத்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

நான் குடிப்பதில்லை. சமயமோ உடல்நலமோ அதற்குக் காரணமில்லை. பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பொழுது சாய்ந்ததும் அம்மா என்னைத்தான் அனுப்புவார்: "போய் அப்பாவக் கூட்டிட்டு வா." கள்ளுக்கடைக்கு உள்ளே போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. வெளியே மண்ணில் நின்றுகொண்டு "ப்பா, ப்பா" என்று கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும், புளித்த வாடை வரும், அப்பா மட்டும் வரமாட்டார். பிறகு தோட்டம் மூடி, சுங்கைப் பட்டாணிக்கு மாறி வந்தோம். கள் போய் சம்சு வந்தது. சம்சு போத்தலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அன்று இரவெல்லாம் பயந்துகொண்டே படுத்திருந்ததும் நினைவிருக்கிறது. அப்பா குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது. அந்த வாடை மட்டும் என்னை விடவில்லை.

இப்படிப்பட்டவள் அயர்லாந்து பப்புக்குள் ஏன் போனாள் என்று நீங்கள் கேட்கலாம். வேறு போக்கிடம் இல்லாததால்தான்! நவம்பர் மாதம் டப்ளினில் மாலை ஐந்துக்கே கும்மிருட்டு. காப்பிக் கடைகள் ஆறு மணிக்குள் நாற்காலியைக் கவிழ்த்துவிடுகின்றன. நம் ஊர் மாமாக் கடை மாதிரி நள்ளிரவு வரை ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு உட்கார இடம் கிடையாது. பயிற்சிக்கு வந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட, நான் விடுதி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நான்கு நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் தங்குவிடுதி வரவேற்பில் இருந்த பெண், "பேச ஆள் வேண்டுமென்றால் பப்புக்குப் போ. குடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?" என்றாள்.

முதலில் போனது தவறான இடம். டெம்பிள் பார் என்ற பகுதியைச் சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் தேடிப் போகிறார்கள், நானும் போனேன். ஒரு கடையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். எந்த ஊர் ஆள் என்று தெரியவில்லை, ஒருவர் என் கையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துவிட்டு, "ஒன்றே ஒன்று குடி, நான் வாங்கித் தருகிறேன்" என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். பிடிக்காது என்றேன். குடித்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்றார். ஐந்தாவது முறை அவர் கேட்டபோது நான் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் என் மேல்தான் எனக்குக் கோபம். இதற்கா இத்தனை தூரம் வந்தோம்?

மறுநாள் ஒப்பந்தமாக எனக்கு நானே சில விதிகளைப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். மூலையில் ஒதுங்காமல், பானம் ஊற்றும் மேடைக்கு முன்னால் உள்ள உயரமான நாற்காலியில் உட்கார வேண்டும். அங்கே இருந்தால் பார்மேனின் கண்பார்வையில் இருப்போம். யாராவது தொல்லை கொடுத்தால் நாம் வாயைத் திறக்கும் முன்பே அவர் கவனித்துவிடுவார். முதலில் அவரிடமே பேச்சுக் கொடுக்க வேண்டும். பத்து மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். இந்தக் கடைசி விதி அனுபவத்தில் வந்தது. பத்துக்கு மேல் எல்லாரும் ஏற்கெனவே சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறார்கள். குடிக்காதவர்களுக்கு மட்டும்தான் அது இரண்டாம் தடவை என்று தெரிகிறது.

என்ன கேட்டு வாங்குவது என்பதும் ஒரு பாடம். குடிக்காதவர்களுக்கென்றே அங்கே பழைய பழக்கங்கள் இருக்கின்றன. கிளப் ஆரஞ்சு என்று ஒரு பானம், அயர்லாந்துக்காரர்களின் சொந்தச் சரக்கு. ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த ராக் ஷாண்டி. கருந்திராட்சைச் சாற்றைத் தண்ணீரில் கரைத்தும் தருவார்கள். நிறையக் கடைகளில் கூச்சமில்லாமல் ஒரு கெட்டில் தேநீர் கேட்கலாம், பாலோடு கொண்டுவந்து வைப்பார்கள். இப்போது கின்னஸ் 0.0 என்று சாராயச் சத்து எடுத்த பீரும் வந்துவிட்டது. வழக்கம்போலக் காய்ச்சிவிட்டுக் கடைசியில் வடிகட்டிச் சாராயத்தை மட்டும் நீக்குகிறார்களாம். ஒரு பார்மேன் அன்போடு ஊற்றிக் கொடுத்தார். மூக்கருகே கொண்டுபோனேன். எல்லாம் அதே வாடை. மன்னிப்புக் கேட்டுத் தள்ளி வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஓர் ஆரஞ்சைத் திறந்து வைத்தார். காசும் ஆரஞ்சுக்கு மட்டும்தான் வாங்கினார்.

ஸ்மித்ஃபீல்டு பகுதியில் 'காபிள்ஸ்டோன்' என்ற பப்புக்குப் போனதுதான் திருப்பம். ஆங்கிலத்தில் குடிகாரரைக் குடிப் பிரச்சினை உள்ளவர் என்பார்கள் அல்லவா? இவர்கள் அதைத் திருப்பிப் போட்டு, "இசைப் பிரச்சினை உள்ள குடிக்கடை" என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். 2021-இல் இந்த இடத்தில் ஓட்டல் கட்டத் திட்டம் வந்தபோது டப்ளின் மக்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். நகர மன்றமும் அனுமதி மறுத்துவிட்டது. ஒரு குடிக்கடையைக் காப்பாற்றவா ஊர்வலம் என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் ஊரில் கள்ளுக்கடையை மூடத்தானே போராடினார்கள்!

உள்ளே போனதும் சன்னல் ஓரம் ஒரு வசதியான இடம் காலியாக இருக்க, நான் மகிழ்ச்சியோடு உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் ஃபிடில் பெட்டியோடு ஒரு பாட்டி வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு புல்லாங்குழலோடு ஓர் இளைஞர் வந்தார். அவரும் சிரித்தார். மூன்றாவது ஆள் வந்தபோதுதான், அது வாசிப்பவர்களின் இடம் என்று எனக்கு உறைத்தது. துள்ளி எழுந்தேன். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துப் பக்கத்து முக்காலியில் உட்காரவைத்துவிட்டார்.

அங்கே மேடை கிடையாது. வாசிப்பவர்கள் வட்டமாக, ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்காருகிறார்கள். நம் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டும் சிலர். நமக்காக அவர்கள் வாசிக்கவில்லை, அவர்கள் வாசிக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம், அவ்வளவுதான். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். தெரியாதவர்கள் சும்மா இருக்கிறார்கள். போத்ரான் என்ற கையடக்கத் தோல் பறையைச் சிறு குச்சியால் தட்டுகிறார்கள். முழங்கையால் காற்றுப்பையை அமுக்கி வாசிக்கும் ஒரு குழல் உண்டு, இல்லன் பைப். 2017-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இடையில் ஒரு முதியவர் கண்ணை மூடிக்கொண்டு பக்க வாத்தியம் எதுவும் இல்லாமல் ஐரிஷ் மொழியில் ஒரு பாட்டை எடுத்தார். அத்தனை பேர் கையிலும் பீர். ஒரு குவளைகூட மேசையில் உரசவில்லை. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, எங்கள் லயத்தில் சாவு வீட்டில் பாடும் ஆயாவின் குரல்தான் கேட்டது.

பெண்ணாய்த் தனியாகப் பப்பில் உட்கார்ந்திருப்பதே அங்கே ஒரு காலத்தில் நடக்காத காரியமாம். பழைய கடைகளில் 'ஸ்னக்' என்று மரத்தடுப்புப் போட்ட சின்ன அறை இருக்கும். பெண்களும் பாதிரியாரும் காவல்காரரும் யார் கண்ணிலும் படாமல் குடிக்க அந்த அறை. சிறு சன்னல் வழியாகக் குவளை வரும், காசு போகும். ஒரு பைண்ட் பீரைப் பெண்ணுக்கு ஊற்ற மறுத்த கடைகள் எழுபதுகளிலும் இருந்திருக்கின்றன. பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்டியும் தோழிகளும் கூட்டமாகப் போய் ஆளுக்கொரு பிராந்தி வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு பைண்ட் கேட்டார்களாம். கடைக்காரர் மறுத்ததும், அப்படியானால் பிராந்திக்கும் காசு கிடையாது என்று எழுந்து வந்துவிட்டார்களாம். இந்தக் கதையை எனக்குச் சொன்ன ஃபிடில் பாட்டி, "நீ ஆரஞ்சு கேட்டு வாங்குகிறாய், நாங்கள் பீர் கேட்டு வாங்கினோம். இரண்டும் ஒன்றுதான்" என்றார். இரண்டும் ஒன்றா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பயிற்சி முடிந்ததும் ஐந்து நாள் விடுப்பு எடுத்திருந்தேன். இரயிலில் இரண்டரை மணி நேரம், நாட்டின் குறுக்கே மேற்குக் கரைக்கு, கால்வே நகரம். மழையும் காற்றும் பக்கவாட்டில் அடிக்கும் ஊர். அங்கேதான் 'ரவுண்டு' என்னை மாட்டவைத்தது.

ஒரு பப்பில் நான்கு பேர், இரண்டு ஆசிரியைகள், ஒரு மீனவர், ஒரு தபால்காரர், என்னைத் தங்கள் மேசைக்கு அழைத்துக்கொண்டார்கள். மலேசியாவில் எத்தனை மொழி, ரப்பர் மரத்தை எப்படி வெட்டுவது என்று கேள்வி மேல் கேள்வி. மீனவர் எழுந்து எல்லாருக்கும் வாங்கி வந்தார், எனக்கு ஆரஞ்சு. அடுத்து ஆசிரியை. அடுத்து இன்னோர் ஆசிரியை. அயர்லாந்தில் இதுதான் முறை. ஆளுக்கொரு தடவை மேசை முழுவதற்கும் வாங்க வேண்டும். தன் முறை வரும்போது கழிவறைக்குப் போய்விடுகிறவனை ஊர் மறக்காது. தபால்காரரும் வாங்கியாகிவிட்டது. இப்போது என் முறை.

யாரும் கேட்கவில்லை. "நீ குடிப்பது ஆரஞ்சுதானே, விட்டுவிடு" என்றுகூட ஆசிரியை சொன்னார். ஆனால் அந்த மேசையில் நானும் ஒருத்தி என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கினால், என் வாழ்க்கையில் முதல் முறையாக என் காசில் சாராயம். போத்தலைச் சாக்கடையில் ஊற்றிய கை அது. மேடைக்கு முன் நின்றபோது கார்டை எடுக்க எனக்கு நேரமாயிற்று. நான்கு பைண்டும் ஓர் ஆரஞ்சும், 28 யூரோ. நம் காசுக்கு ஏறக்குறைய 140 வெள்ளி. அம்மாவுக்குத் தெரிந்தால் தொகையைக் கேட்டு மயங்குவாரா, வாங்கின பொருளைக் கேட்டு மயங்குவாரா!

வாங்கினேன். தட்டில் வைத்துத் தூக்கி வந்தபோது நுரை வழிந்து என் கையில் பட்டது. அன்றிரவு கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். செய்தது சரிதானா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. அந்த நான்கு பேரில் யாருடைய பிள்ளையாவது எங்கேயோ வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால்? அந்த எண்ணம் தூக்கத்தைக் கெடுத்தது.

மறுநாள் பேருந்தில் டூலின். கடலோரக் கிராமம். மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஊர் அது. அந்தப் பாறைகள் உயர்ந்த இடத்தில் 214 மீட்டர். விளிம்பில் நின்று கீழே அலையைப் பார்த்தபோது காற்று என்னை இரண்டடி நகர்த்தியது, போதும் என்று வந்துவிட்டேன். டூலின் என்றால் அயர்லாந்துக்காரர்களுக்குப் பாறைகளைவிட இசைதான் நினைவுக்கு வரும். தகரக் குழல் வாசித்த மைக்கோ ரஸ்ஸலின் ஊர் இது. விவசாயம் பார்த்துக்கொண்டே வாசித்த மனிதர், 1994-இல் இறந்தார்.

இரவு ஏழு மணி. கணப்பில் பீட் கட்டி புகைந்துகொண்டிருந்தது. மண் எரிகிற அந்த மணத்தில், முதல் தடவையாக, பீர் வாடை எனக்குத் தெரியவில்லை. என் பக்கத்தில் எண்பதை நெருங்கும் ஒரு தாத்தா. அவர் முன்னால் ஒரு கெட்டில் தேநீர். கோட்டின் மடிப்பில் குண்டுமணி அளவில் ஒரு சின்னம், இதயம் பொறித்தது.

"பயனியரா?" என்று கேட்டேன். டப்ளினில் யாரோ சொல்லியிருந்தார்கள். தாத்தாவுக்கு ஆச்சரியம்.

குடிக்குப் பெயர் போன இந்த நாட்டில் குடி ஒழிப்புக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1838-இல் கார்க் நகரில் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ 'இனிக் குடிப்பதில்லை' என்று மக்களிடம் உறுதிமொழி வாங்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் உறுதி எடுத்தார்கள். டப்ளின் ஓகானல் தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது. நான் தினமும் அதைக் கடந்துதான் பேருந்துக்குப் போனேன், யார் என்று தெரியாமலே. 1898-இல் ஜேம்ஸ் கல்லன் என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடங்கியது பயனியர் சங்கம். சேர்ந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் குடிப்பதில்லை என்பதற்கு அடையாளம்தான் அந்தச் சின்னம்.

நான் அவருக்கு எங்கள் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகங்களே மலாயாவில் கள்ளுக்கடை வைத்து, காலையில் கொடுத்த கூலியை மாலையில் திரும்ப வாங்கிக்கொண்ட கதை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. 1947-இல் எங்கள் பீடோங் பக்கம் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடையை மறித்து, போலீசோடு மோதலாகி, ஒரு தொழிலாளி உயிர் போனது. தாத்தா தேநீரை ஆறவிட்டுக் கேட்டார்.

பிறகு நான் கேட்டேன்: "குடிக்காத நீங்கள் பப்பில் என்ன செய்கிறீர்கள்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என் கூட்டாளிகள் எல்லாரும் இங்கேதானே இருக்கிறார்கள். நான் வேறு எங்கே போவேன்?" ஐம்பது வருடமாக வருகிறாராம். தன் முறை வந்தால் எல்லாருக்கும் வாங்கித் தருவாராம். அவருக்கு மட்டும் தேநீர். இரவில் நான்கு பேரைக் காரில் ஏற்றி வீட்டில் விடுவதும் அவர்தான். "நான் வராத நாள் இவர்கள் நடந்துதான் போக வேண்டும்" என்றார். மேடைக்குப் பின்னால் இருந்தவர், "அதனால்தான் இவருக்குத் தேநீர் இலவசம்" என்றார்.

அன்றிரவு விடுதிக்கு நடக்கும்போது எனக்கு அப்பா நினைவுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பாவிடம் அம்மாவும் நானும் சத்தியம் வாங்கினோம். அப்பா காப்பாற்றினார். கூடவே இன்னொன்றும் நடந்தது, நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. கூட்டாளிகள் வீட்டுக்கு வருவது நின்றது. வந்த ஒன்றிரண்டு பேரையும் அம்மாவின் முகம் திருப்பி அனுப்பியது. கல்யாணங்களுக்கு அப்பா வருவதில்லை. மண்டபத்துக்கு வெளியே காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் கூடி நிற்பார்களே, அங்கேதான் அவருடைய ஆட்கள் இருப்பார்கள். அங்கே போகக்கூடாது, உள்ளே பெண்களோடு உட்காரவும் முடியாது. பிறகு எதற்கு வருவார்? ஒன்பது வருடமாக அவருக்குத் துணை தொலைக்காட்சிதான். நாங்கள் அதை "திருந்திட்டாரு" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் கேட்டேன். "உங்க கூட்டாளிங்கல்லாம் இப்ப எங்க உட்கார்றாங்க?"

அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பசார் பின்னாடி சீனன் கோப்பிக் கடை. வெள்ளிக்கிழமை." ஒன்பது வருடமாகப் போகாதவருக்கு இடமும் கிழமையும் தெரிந்திருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது வீடு இரண்டானது. "நீ அயர்லாந்து போய் கெட்டுட்டே. அவரையும் கெடுக்கப் போறியா? நான் பட்டது உனக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியும். அம்மா பயப்பட எல்லா நியாயமும் இருக்கிறது. டூலின் தாத்தா குடியைத் தொட்டதே இல்லை, அப்பா முப்பது வருடம் அதில் மூழ்கி எழுந்தவர். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று எனக்கும் தெரிகிறது. இப்படியிருந்து மீண்டவர்கள் பலர் அந்த இடங்களின் பக்கமே போகாமல் இருப்பதுதான் தங்களைக் காப்பாற்றுகிறது என்கிறார்கள். அதனால் முடிவை அப்பாவிடமே விட்டேன். வியாழன் இரவு அவர் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். அப்பா இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நானும் வரட்டுமா?" என்றேன். "நீ எதுக்கு, பொம்பளப் புள்ள" என்றவர், சற்று நேரம் கழித்து, "சரி, வா" என்றார்.

ஆறு கிழவர்கள், மேசை நிறைய பீர் போத்தல். ஒரு நொடி எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். கடைப் பையன் வந்து நின்றான். எனக்கு நெஞ்சு படபடத்தது. கார்ச் சாவியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டேன்.

"மைலோ ஐஸ்," என்றார் அப்பா. "சீனி கம்மி."

"என்னடா சின்னப் புள்ள மாதிரி!" என்று ஒருவர் ஆரம்பிக்க, இன்னொருவர் அவர் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது. பிறகு பழைய கிராணியின் கதை ஒன்று தொடங்கியது. பத்து மணிக்குள் அதை மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அப்பா சிரித்தார்.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பா கடந்து போகும்போது இலேசாக முன்னால் சாய்ந்து மூச்சை இழுத்தார். பிறகு, "தோசை இருக்கு, கை கழுவிட்டு வாங்க" என்று உள்ளே போனார்.

இது ஐந்தாவது வாரம். இப்போது நான் கூட உட்காருவதில்லை, விட்டுவிட்டு வந்து பத்து மணிக்குப் போய் அழைத்து வருகிறேன். கடைக்கு வெளியே காரை நிறுத்தி "ப்பா" என்று கூப்பிட்டால், முதல் கூப்பாட்டிலேயே வருகிறார். போன வாரம் மட்டும் கொஞ்சம் தாமதம். கடைக்காரரிடம் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறு பீர், ஒரு மைலோ. அன்று அவருடைய முறையாம்.